கையில் கல், வயிற்றில் மாவு!

இரவு ஒன்பது மணி. பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொண்டு, மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கிறாள். "காலையில் பாதி, இரவில் பாதி" என்பது டாக்டரின் உத்தரவு. காலையில் பாதி போயிற்று. மிச்சப் பாதியை அட்டையிலிருந்து உள்ளங்கையில் தட்டுகிறாள். பாதி மாத்திரை விழவில்லை. இரண்டு சில்லும் கொஞ்சம் மாவும்தான் விழுந்தன. மாவில் சிறிது புடவையில் சிந்தியது. சிறிது விரலில் ஒட்டிக் கொண்டது.

"போகட்டும், மாவுதானே!" என்று சில்லுகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக் கொள்கிறாள்.

மாவுதான், ஆனால் அதிலும் மருந்து இருந்தது. எவ்வளவு இருந்தது என்பது பாட்டிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அடுத்த வாரம் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால், "இந்த அளவுக்கு நோய் கேட்கவில்லை" என்று டாக்டர் நினைப்பார். மருந்தைக் கூட்டி எழுதவும் கூடும். குற்றம் மருந்தின் மேல் இல்லை. அது மாத்திரையாக நிற்கவில்லை என்பதுதான் குற்றம்.

மாத்திரை என்ற சொல்லுக்கே அளவு என்றுதான் பொருள். எழுத்தின் ஒலியைத் தமிழ் இலக்கணம் மாத்திரையால் அளக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அளந்து கொடுக்கும் மருந்துக்கு அந்தப் பெயர் வெகு பொருத்தமாக அமைந்து விட்டது. உதிர்ந்து போகும் மாத்திரை அந்தப் பெயருக்கே துரோகம் செய்கிறது.

அப்படியானால் கருங்கல்லைப் போல உறுதியாகச் செய்து விட்டால் என்ன? அங்கேதான் சங்கடம். தொழிற்சாலையிலிருந்து நோயாளியின் கை வரையில் அது கல்லாக இருக்க வேண்டும். தொண்டையைத் தாண்டி வயிற்றில் இறங்கியதும் அதுவே மாவாகிக் கரைய வேண்டும். கரையாத கல் வந்த வழியே போய்விடும்; நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே பொருள் நிறைவேற்ற வேண்டும். சட்டைப் பொத்தான் அளவே உள்ள மாத்திரைக்குள் இருக்கும் விஞ்ஞானம் முழுவதும் இந்தச் சமரசத்தைப் பற்றியதுதான்.

பென்சிலோடு பிறந்த மாத்திரை

யந்திரத்தில் அழுத்திய மாத்திரைக்கு வழி காட்டியவர் ஒரு வைத்தியர் அல்ல, ஓர் ஓவியர்.

இங்கிலாந்தில் டெவன் மாகாணத்தில் டாட்னெஸ் என்ற ஊரில், கடிகாரம் செய்பவரின் மகனாக 1787-ம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் பிராக்கிடன். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைச் சித்திரமாகத் தீட்டிப் பெயர் பெற்றவர். சித்திரக்காரருக்கு நல்ல பென்சில் வேண்டும். பென்சிலுக்கு வேண்டிய உயர்ந்த ரகக் கிராபைட் அந்நாளில் இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்திலிருந்து கட்டி கட்டியாகக் கிடைத்தது. அந்தக் கட்டிகள் அருகி வந்தன. மிஞ்சியது தூள்தான். தூளைப் பசை போட்டு ஒட்டினால் பென்சில் கரகரவென்று எழுதியது.

கடிகாரக்காரரின் மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பசையே போடாமல், தூளுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, அச்சில் வைத்துப் பலமாக அழுத்தினால் என்ன? அழுத்திப் பார்த்தார். தூள் கட்டியாயிற்று! கிராபைட்டுக்குச் செல்லும் வித்தை மருந்துத் தூளுக்கும் செல்லும் என்று கண்டு, 1843-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். மருந்து உருண்டைகளையும் பென்சில் கிராபைட்டையும் அச்சில் அழுத்தி உருவாக்கும் முறை என்று இரண்டையும் சேர்த்தே அதில் எழுதிக் கொடுத்தார். பென்சிலும் மாத்திரையும் ஒரே பத்திரத்தில் பிறந்த உடன்பிறப்புகள்!

அதுவரையில் மருந்துக் கடைக்காரர் மருந்தைப் பிசின் அல்லது பாகு சேர்த்துப் பிசைந்து, திரியாகத் திரித்து, துண்டு போட்டுக் கையால் உருட்டிக் கொடுப்பதே வழக்கம். ஓர் உருண்டை போல இன்னோர் உருண்டை இராது.

பிராக்கிடன் 1854-ல் காலமானார். அவருக்குப் பின் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் மாத்திரை யந்திரங்கள் வளர்ந்தன. அமெரிக்கர்களான சைலஸ் பரோஸ், ஹென்றி வெல்கம் என்ற இருவர் 1880-ல் லண்டனில் கூட்டாகக் கம்பெனி தொடங்கினார்கள். தங்கள் அழுத்திய மருந்துகளுக்கு 'டாப்லாய்டு' என்ற வியாபாரப் பெயரை 1884-ல் பதிவு செய்தார்கள். பெரிய சரக்கைச் சிறிதாகச் சுருக்கியது எதுவானாலும் அதற்கு அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது. பிற்காலத்தில் சிறிய அளவில் அச்சாகும் பத்திரிகைகளையும் உலகம் டாப்லாய்டு என்றே அழைத்தது. பத்திரிகை உலகுக்கே ஒரு பெயரை மாத்திரை தானமாகக் கொடுத்திருக்கிறது!

பசையின்றி ஒட்டுவது எப்படி?

ரவா லாடு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மாத்திரையின் கதை பாதி தெரியும். நெய் குறைந்தால் உதிரும். இறுக்கிப் பிடித்தால் பல் உடையும். ஆனால் லாட்டை ஒட்ட வைப்பது நெய்யும் சர்க்கரையும். காய்ந்த மருந்துத் தூளை ஒட்ட வைப்பது எது?

மாத்திரை யந்திரத்தின் உயிர்நிலை மூன்று உருப்படிகள்: துளையுள்ள ஓர் அச்சு, அதற்குள் கீழிருந்து நுழையும் ஓர் உலக்கை, மேலிருந்து இறங்கும் ஓர் உலக்கை. அச்சில் தூள் விழுகிறது. இரண்டு உலக்கைகளும் நெருங்கி அழுத்துகின்றன. மேல் உலக்கை விலக, கீழ் உலக்கை மாத்திரையை வெளியே தள்ளுகிறது. இப்படிப் பல ஜோடிகள் வட்டமாகச் சுழலும் பெரிய யந்திரங்கள் மணிக்கு லட்சக்கணக்கில் மாத்திரைகளைத் துப்புகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன், இரண்டு டன் என்ற கணக்கில் பாரம் விழுகிறது. ஆனால் அந்தப் பாரம் கண் இமைக்கும் நேரம்கூட நிலைப்பதில்லை.

அந்தக் கணத்துக்குள் தூளில் நடப்பது ஒரு நாடகம். முதலில் துகள்கள் நெருக்கி உட்காருகின்றன, கூட்ட பஸ்ஸில் பிரயாணிகள் நகர்ந்து இடம் விடுவது போல. இடம் தீர்ந்த பிறகும் பாரம் ஏறினால் துகள்கள் ரப்பரைப் போல அமுங்குகின்றன. இன்னும் ஏறினால், ஒன்று களிமண்ணைப் போல நசுங்கி உருமாறுகின்றன; அல்லது கற்கண்டைப் போல நொறுங்குகின்றன. நசுங்கினாலும் நொறுங்கினாலும் பலன் ஒன்றுதான்: துகளும் துகளும் தொடும் பரப்பு பெருகுகிறது.

பொருள்களின் மூலக்கூறுகளுக்கிடையே இயற்கையாகவே ஒரு கவர்ச்சி உண்டு. வெகு வெகு அருகில் வந்தால்தான் அது வேலை செய்யும். உடைந்த சாக்பீஸின் இரு துண்டுகளையும் சேர்த்து வைத்தால் ஒட்டுவதில்லை. கண்ணுக்கு அவை தொடுவது போலத் தெரிந்தாலும், உண்மையில் அங்கங்கே சில முனைகள் மட்டுமே தொடுகின்றன. டன் கணக்கில் அழுத்தும்போது அந்த இடைவெளி மூடிப் போகிறது. கவர்ச்சி பிடித்துக் கொள்கிறது. மாத்திரையைக் கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் கண்காணாத கைகோப்புதான்.

பாரம் நீங்கியவுடன் ஒரு சோதனை காத்திருக்கிறது. ரப்பரைப் போல அமுங்கிய பங்கு மீண்டும் விரியப் பார்க்கும். கைகோப்பு பலமாக இருந்தால் மாத்திரை பிழைக்கும். பலவீனமாக இருந்தால் மாத்திரையின் மேல்பகுதி தொப்பி கழல்வது போலத் தனியே கழன்று விடும். அல்லது வெங்காயம் போல ஏடு ஏடாகப் பிரியும். மாத்திரைத் தொழிலில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தத் தொப்பி கழலும் வியாதிதான்.

தூளுக்கும் குணம் உண்டு

மனிதர்களைப் போலவே தூள்களிலும் வளைந்து கொடுப்பவை உண்டு. விறைத்து நிற்பவை உண்டு.

வளைந்து கொடுப்பதில் தலைசிறந்தது நுண்படிகச் செல்லுலோஸ். மரக்கூழிலிருந்து எடுப்பது. அமெரிக்கன் விஸ்கோஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆர்லாண்டோ பட்டிஸ்டா என்ற ரசாயன நிபுணர் 1955-ல் இதைக் கண்டுபிடித்தார். பசையோ ஈரமோ இல்லாமல் உலர்ந்த தூளாகவே போட்டு அழுத்தினாலும் இது கெட்டியான வில்லையாகி விடும். இன்று பல மாத்திரைகளின் எடையில் கணிசமான பங்கு மருந்து அல்ல, இந்த மரத்தூள்தான் என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

பால் சர்க்கரையும் டைகால்சியம் பாஸ்பேட்டும் நொறுங்கும் ஜாதி. அழுத்த அழுத்த உடைந்து, உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கொள்ளும். ஸ்டார்ச் மாவு ஓரளவு நசுங்கும். ஆனால் மெதுவாகத்தான் நசுங்கும்.

இனி மருந்தின் குணத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் பாராசிட்டமால், மாத்திரைத் தொழிலில் பெயர்போன முரண்டுக்காரன். சாதாரணமாகக் கிடைக்கும் அதன் படிகத்தில் மூலக்கூறுகள் வளைவு நெளிவான அடுக்குகளாக ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. சீட்டுக் கட்டை ஒரு பக்கம் தள்ளினால் சீட்டுகள் வழுக்குவது போல அவை வழுக்குவதில்லை. எனவே அழுத்தினால் நசுங்காமல் எதிர்க்கும், விட்டால் விரியும், தொப்பி கழலும். அதே பாராசிட்டமாலுக்கு இன்னொரு படிக வடிவமும் உண்டு. அதில் அடுக்குகள் தட்டையாக இருப்பதால் எளிதில் வழுக்கி நன்றாக அழுந்துகிறது. அதே மருந்து, அதே மூலக்கூறு. அடுக்கி வைத்த விதம் மட்டுமே வேறு. ஆனால் அந்த வடிவம் நிலைத்து நிற்பதில்லை; நாளடைவில் பழைய வடிவத்துக்கே திரும்பும் சுபாவம் உடையது.

மேலும் பாராசிட்டமாலை ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் வைக்க வேண்டியிருக்கிறது. துணைத்தூள்களை நிறையச் சேர்த்தால் மாத்திரை விழுங்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். ஆகவே மருந்தைப் பசைநீர் தெளித்துப் பிசறி, குறுணையாக்கி, உலர்த்தி, அதற்குப் பிறகே அச்சில் போடுவது வழக்கம். மாவு அடைத்துக் கொள்ளும் இடத்தில் குறுணை தாராளமாக ஒழுகும் என்பது இன்னொரு லாபம். அச்சுக்குள் ஒவ்வொரு முறையும் சமமாக விழுந்தால்தானே அளவு சரியாக இருக்கும்?

கூட்டினால் கணக்கு வராது

ஒரு மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. பருமனுக்கு ஒன்று, பிணைப்புக்கு ஒன்று, வயிற்றில் பிரிவதற்கு ஒன்று, யந்திரத்தில் ஒட்டாமல் இருக்க ஒன்று என்று ஐந்தாறு தூள்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் உறுதியும் தெரிந்தால் கலவையின் உறுதி தெரிந்துவிடும் அல்லவா?

அவ்வளவு சுலபமாக இருந்தால் தகராறே இல்லை. தனியாக அழுத்தினால் 4 பங்கு உறுதி தரும் தூளையும், 2 பங்கு தரும் தூளையும் சரிபாதி கலந்தால் 3 பங்கு வரும் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். யந்திரம் அப்படிச் சொல்வதில்லை. சில கலவைகள் கணக்கை ஒட்டி வரும். சில மேலே போகும். சில கீழே இறங்கும். காரணம், கலவையில் முதல் தூள் தன் இனத்தைத் தொடும் இடங்கள் உண்டு. இரண்டாம் தூள் தன் இனத்தைத் தொடும் இடங்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடங்களும் உண்டு. அந்த மூன்றாவது உறவு எப்படிப்பட்டது என்பதைத் தனித்தனித் தூள்கள் சொல்ல மாட்டா. மாப்பிள்ளையின் ஜாதகமும் பெண்ணின் ஜாதகமும் தனித்தனியே நன்றாக இருந்தால் மட்டும் போதுமா?

இதில் மிக வேடிக்கையானது மக்னீசியம் ஸ்டியரேட் என்ற மசகுத்தூள். மாத்திரை அச்சில் ஒட்டாமல் வழுக்கி வருவதற்காக இதை நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ சேர்க்கிறார்கள். லாட்டில் நெய் ஒட்ட வைக்கிறது. இந்தக் கொழுப்புத்தூளோ பிரித்து வைக்கிறது! கலக்கும் நேரம் கூடினால் அது ஒவ்வொரு துகளையும் மெல்லிய போர்வையாகப் போர்த்தி விடும். போர்வைக்கு மேல் கைகோத்தால் பிடி ஏது? அதே சாமான்கள், அதே எடை, அதே அழுத்தம். சில நிமிஷங்கள் கூடுதலாகக் கலந்ததற்காக மாத்திரை பலமிழந்து போகும்.

ஆனால் எல்லாத் தூளும் இதற்குப் பலியாவதில்லை. டைகால்சியம் பாஸ்பேட்டை மசகு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அது அழுத்தத்தில் நொறுங்கும் ஜாதி அல்லவா? நொறுங்கும்போது போர்வை படாத புதிய முகங்கள் வெளிப்படுகின்றன. அவை பிணைந்து கொள்கின்றன. நசுங்கும் ஜாதியான ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் உடையாமல் உருமாறுவதால் போர்வையோடு போர்வையாகவே நின்று விடுகின்றன. நல்ல குணம் என்று நினைத்தது மசகு சேர்ந்தவுடன் பலவீனமாகி விடுகிறது.

இந்தச் சிக்கலில் ஒரு நூல் நுனி கிடைத்தது மருந்துத் துறையிலிருந்து அல்ல, பீங்கான் துறையிலிருந்து. ரிஷ்கெவிச் என்ற ஆராய்ச்சியாளர் 1953-ல் துளைகள் நிறைந்த அலுமினா, சிர்கோனியா வில்லைகளை உடைத்துப் பார்த்தார். துளைகளின் பங்கு கொஞ்சம் கூடினாலும் உறுதி மளமளவென்று சரிவதைக் கண்டார். மாத்திரைக்கும் இது பொருந்தும். கெட்டியாகத் தெரியும் மாத்திரைக்குள்ளும் காற்று இடைவெளிகள் உண்டு. எந்தத் தூளானாலும், எவ்வளவு இடைவெளிக்கு எவ்வளவு உறுதி என்று ஒரு கோடு வரையலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2005, 2006-ம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், தனித் தூள்களின் கோடுகளை அளந்து, கலவையில் அவற்றின் கன அளவுப் பங்கைக் கொண்டு கலவையின் கோட்டை முன்கூட்டியே கணிக்க முயன்றார்கள். அவர்கள் எடுத்துக் கொண்ட கலவைகளில் கணிப்பு பெரும்பாலும் ஒத்துப் போயிற்று. விலையுயர்ந்த புதிய மருந்தைக் கிலோ கணக்கில் வீணாக்காமல், கொஞ்சம் தூளைக் கொண்டே மாத்திரையின் பலத்தை மதிப்பிட இது உதவும்.

எனினும் கடைசித் தீர்ப்பு யந்திரத்தின் கையில்தான். சோதனைச் சாலையில் நிதானமாக அழுத்திய மாத்திரை உறுதியாக நிற்கும். அதே தூளைத் தொழிற்சாலையில் வேகமாக ஓட்டினால் துகள்கள் நசுங்குவதற்கு அவகாசம் இராது. உள்ளே சிக்கிய காற்று வெளியேறவும் நேரம் இராது. தொப்பி கழலும்! அழுத்தும் கணத்தில் உலக்கை என்ன பாரத்தை உணர்கிறது என்பதை மின்கருவி பொருத்தி அளந்த முன்னோடிகளில் ஒருவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1950-களில் ஆராய்ந்த டகேரு ஹிகுச்சி. கைப்பழக்கமாக இருந்த மாத்திரைத் தொழில் பௌதிக சாஸ்திரமாக மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மாதா கோயில் தந்த சோதனை

மாத்திரை போதிய உறுதியோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? பழைய தொழிலாளிகளுக்கு ஒரு வழி இருந்தது. மாத்திரையை விரல்களுக்கிடையே வைத்து ஒடிப்பார்கள். 'டக்'கென்று ஓசை கேட்டால் சரி. ஆனால் ஒருவர் விரல் போல இன்னொருவர் விரல் இராதே! பிறகு திருகாணி வைத்தும் மோட்டார் வைத்தும் நெருக்கும் கருவிகள் வந்தன. மாத்திரையைக் காசைப் போல விளிம்பில் நிறுத்தி, இரு பக்கமும் நெருக்கி, எத்தனை கிலோ பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பார்கள். 4 கிலோவாவது தாங்க வேண்டும் என்பது பழைய கணக்கு.

ஆனால் சிறிய மாத்திரையும் பெரிய மாத்திரையும் ஒரே 4 கிலோவில் உடைந்தால் இரண்டும் சம உறுதி என்று சொல்ல முடியுமா? இதற்கு விடை வந்த இடம் தென் அமெரிக்கா.

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் 1940-களின் தொடக்கத்தில் ஓர் அகலமான சாலை போட்டார்கள். வழியில் பழைய மாதா கோயில் ஒன்று குறுக்கே நின்றது. இடிக்க மனமில்லாமல், கட்டடத்தை அப்படியே உருளைகளின் மேல் ஏற்றி நகர்த்தலாம் என்று யோசித்தார்கள். கான்கிரீட் உருளைகள் பாரம் தாங்குமா என்று சோதிக்கும் பொறுப்பு லோபோ கார்னெய்ரோ என்ற எஞ்சினீயரிடம் வந்தது. அவர் உருளையைப் படுக்க வைத்து மேலிருந்து அழுத்தினார். உருளை நசுங்கவில்லை, நட்ட நடுவே மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தது. மேலே அழுத்துவது பக்கவாட்டில் இழுப்பதாக மாறி உருளையைக் கிழிக்கிறது என்று அவர் கண்டு கொண்டார். கான்கிரீட்டின் இழுவை உறுதியை அளக்க இதுவே சுலபமான வழி என்று 1943-ல் அறிவித்தார். மாதா கோயில் நகரவில்லை; இடிக்கப்பட்டு விட்டது. அதன் பேரில் பிறந்த 'பிரேசில் சோதனை' மட்டும் உலகெங்கும் நிலைத்தது.

மாத்திரை என்பது ஒரு குட்டி உருளைதானே? பெல், நியூட்டன் என்ற இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1970-ல் வெளியிட்ட கட்டுரையில் இதே முறையை மாத்திரைக்குப் பொருத்திக் காட்டினார்கள். உடைக்கும் பாரத்தோடு மாத்திரையின் விட்டத்தையும் தடிமனையும் கணக்கில் சேர்த்தால் அதன் உண்மையான உறுதி வந்துவிடும். 10 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தட்டை மாத்திரை சுமார் 10 கிலோ பாரத்தில் பிளந்தால், அதன் உறுதி சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ. நல்ல மாத்திரைக்கு இது போதுமான உறுதி.

நூறு குட்டிக் கரணம்

ஒரே நெருக்கலில் உடையாத மாத்திரையும் உரசி உரசித் தேயலாம். லாரியில் குலுங்கும் பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு ராட்டினம் இருக்கிறது. சுமார் 29 சென்டிமீட்டர் விட்டமுள்ள பீப்பாய்; உள்ளே வளைந்த ஒரு தகடு. நிமிஷத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிஷம் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மாத்திரைகள் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இடத்திலிருந்து தொப்பென்று விழும். நூறு குட்டிக் கரணத்துக்குப் பிறகு தூசியைத் தட்டி எடை போடுகிறார்கள். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உதிர்ந்திருக்கக் கூடாது. ஒன்று உடைந்தாலும் தோல்விதான்.

கல்லாக நிற்கும் பரீட்சை முடிந்தது. அடுத்தது மாவாகும் பரீட்சை. உடம்பின் சூட்டுக்குச் சமமான 37 டிகிரி வெந்நீரில், அடியில் சல்லடை கட்டிய ஆறு கண்ணாடிக் குழாய்களில் ஆறு மாத்திரைகள் மேலும் கீழும் மூழ்கி எழும். மேல்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை 15 நிமிஷத்துக்குள் பிரிந்து சல்லடை வழியே இறங்கிவிட வேண்டும் என்பது இந்திய மருந்துநூலின் விதி. இதற்காகவே தண்ணீர் பட்டதும் ஊறிப் புடைத்து மாத்திரையை உள்ளிருந்து உடைக்கும் தூள்களைச் சேர்க்கிறார்கள்.

இங்கேதான் இரண்டு கட்டளைகளும் மோதுகின்றன. உறுதிக்காக அழுத்தத்தைக் கூட்டினால் உள்ளே இருக்கும் இடைவெளிகள் அடைபடும். ஆனால் தண்ணீர் உள்ளே போகும் வாசலும் அந்த இடைவெளிகள்தான்! வாசலை முழுவதும் அடைத்தால் கல் கல்லாகவே இருக்கும். தாராளமாகத் திறந்து வைத்தால் அட்டையிலேயே மாவாகும்.

மாத்திரைக்குள் இருப்பது எல்லாம் உடலுக்குள் வந்து சேரும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஒரு கடும் எச்சரிக்கை 1971-ல் கிடைத்தது. இருதய நோய்க்கான டிகாக்ஸின் மாத்திரைகளை அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சீட்டில் எழுதிய அளவு ஒன்றே. ஆனால் ரத்தத்தில் சேர்ந்த மருந்தின் அளவு மாத்திரைக்கு மாத்திரை ஏழு மடங்கு வரை வேறுபட்டது. குறைந்தால் பலனில்லை, கூடினால் உயிருக்கே ஆபத்து என்ற மருந்து அது. அதில் மருந்துத் துகளின் நுண்மையும் கரையும் வேகமும் முக்கியக் காரணங்கள் என்று தெரிய வந்தது. மாத்திரை பிரிந்தால் மட்டும் போதாது, மருந்து கரைகிறதா என்றும் அளக்க வேண்டும் என்ற கட்டாயம் இதனால் வலுப்பெற்றது.

பாதி மாத்திரையின் நியாயம்

பாட்டியின் கதைக்குத் திரும்புவோம். சில மாத்திரைகளின் நடுவே ஒரு கோடு பள்ளமாக இருக்கும். அது பெரும்பாலும் அலங்காரம் அல்ல. இந்த இடத்தில் உடைக்கலாம் என்ற அனுமதி. அந்த அனுமதிக்கும் பரீட்சை உண்டு. ஐரோப்பிய மருந்துநூலின்படி 30 மாத்திரைகளைக் கையால் உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை எடுத்து, 30 பாதிகளையும் தனித்தனியே எடை போட வேண்டும். சராசரி எடையில் 85 முதல் 115 சதவீதத்துக்கு வெளியே ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

கோடு இல்லாத மாத்திரையைக் கத்தியால் நறுக்குவது குருட்டுக் கணக்கு. மெல்ல மெல்ல மருந்தை விடும்படி செய்த மாத்திரைகளையும், குடலில் கரைவதற்காகப் பூச்சுப் பூசியவற்றையும் உடைப்பதோ பொடிப்பதோ இன்னும் மோசம். ஒரு நாள் முழுவதும் வர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் வந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்டுக் கொள்வதே உத்தமம்.

ஈரக்காற்று மாத்திரையின் இன்னொரு சத்துரு. ஊறிப் புடைக்கும் தூள் வயிற்றுத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. சமையலறை ஆவியும் குளியலறை ஈரமும் அதற்குத் தண்ணீராகவே தோன்றும். அட்டையைக் கிழித்து மாத்திரைகளை மொத்தமாக டப்பாவில் கொட்டி வைப்பதும், உடைத்த பாதியை நாள்கணக்கில் திறந்து வைப்பதும் அதன் உறுதியைக் கெடுக்கும் காரியங்கள். புது அட்டையைப் பிரித்தவுடனேயே மாத்திரை மாவாக உதிர்ந்தால் அதை விழுங்காமல், வாங்கின கடையில் திருப்பிக் காட்ட வேண்டும்.

அடுத்த முறை பாட்டி டாக்டரிடம் போகும்போது, மருந்து கேட்டதா இல்லையா என்பதோடு, "பாதி மாத்திரை மாவாக உதிருகிறது" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பாதி அளவிலேயே முழு மாத்திரை கிடைத்தால் டாக்டர் அதை எழுதிக் கொடுப்பார். சிந்திய மாவைத் தட்டிவிட்டுப் படுத்துக் கொள்ளும்போது, பாட்டி தட்டி விடுவது மாவை அல்ல, டாக்டர் அளந்து எழுதிய அளவை.